வெள்ளைத் தாளும் மாதிரிப் படங்களும்

கேள்வி: வரைய உட்கார்ந்தால் என்ன வரைவது என்றே தோன்றுவதில்லை. பின்ட்ரெஸ்ட் படத்தளத்தில் தேடிப் பிடித்த ஓவியத்தைப் பார்த்து அப்படியே வரைந்துவிடுகிறேன். சொந்தக் கற்பனை வர என்ன வழி? மாதிரி பார்த்து வரைவது தவறா?
- கல்லூரி மாணவி, சிவகாசி

பதில்: மாதிரி பார்த்து வரைவதில் தவறே இல்லை, எதை மாதிரியாகக் கொள்கிறீர்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1515ஆம் ஆண்டு குஜராத் சுல்தான் அளித்த காண்டாமிருகம் ஒன்று கப்பலில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் இருந்த ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் அதை நேரில் பார்க்காமல், லிஸ்பனிலிருந்து வந்த விவரக் கடிதத்தையும் ஒரு கோட்டுப்படத்தையும் கொண்டே மரப்பலகையில் செதுக்கி அச்சிடும் தம் புகழ்பெற்ற மரச்செதுக்குப் படத்தை உருவாக்கினார். அதில் விலங்கின் தோல் மடிப்புகள் போர்க்கவசத் தகடுகளைப் போல ஆகிவிட்டன. தோளின் மேல், இயற்கையில் இல்லாத சிறு கொம்பு ஒன்றும் முளைத்துவிட்டது. படம் என்னவோ அற்புதமானதுதான். ஆனால், பின்னால் அதைப் பார்த்து வரைந்த பலரும் அந்தக் கொம்பையும் சேர்த்தே வரைந்தார்கள். பிறர் ஓவியத்தை மட்டும் பார்த்து வரையும்போது, எதை விடுவது, எதை மிகைப்படுத்துவது என்று அவர் எடுத்த முடிவுகளும் அவருடைய பிழைகளும் நம் தாளுக்கு வந்துவிடுகின்றன. கை பழக அப்படி வரையலாம். கற்பனைக்கு அது போதாது.

கற்பனை எப்படிப் பிறக்கிறது என்பதை மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் கண்ணாரக் காணலாம். மேலே ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிறார் ஒரு முனிவர். கீழே யானைகளின் அருகே பூனையொன்று பின்னங்கால்களில் நிமிர்ந்து, அதே போல முன்னங்கால்களைத் தூக்கி நிற்க, அதைச் சுற்றி எலிகள். தவக்கோலம், பூனை இரண்டுமே சிற்பி நன்றாகப் பார்த்து அறிந்தவை. ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றிய இடத்தில்தான் புதுமை பிறந்திருக்கிறது. அதே பாறையில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும் பாருங்கள். மானோடு பழகிய கண்ணுக்கு மட்டுமே அந்த நிலை அகப்படும் என்பது என் எண்ணம்.

ஆகவே, என்ன வரைவது என்று தாளின் முன் அமர்ந்து யோசிக்காமல், முதலில் சேகரிக்கத் தொடங்குங்கள். சட்டைப்பை அளவுக் குறிப்பேடு ஒன்று எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். பேருந்து நிலையத்தில் மூட்டைமேல் தலை சாய்த்து உறங்குபவரின் கழுத்து வளைவு, கறவை மாட்டின் குளம்பு என்று கண்ணை நிறுத்தியதையெல்லாம் சில கோடுகளில் பிடித்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். கைபேசியில் படம் எடுப்பதானால், ஒரே பொருளைப் பல கோணங்களில், சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். மிக அருகில் போனால் முன்னே இருப்பது அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும், முகமென்றால் மூக்கே முழுப் படத்தையும் அடைத்துக்கொள்ளும். உங்கள் ஊரோ தீப்பெட்டிப் படங்களுக்கும் பட்டாசுப் பெட்டிப் படங்களுக்கும் பேர்போனது. பழைய அட்டைகள் கிடைத்தால் விடாதீர்கள். சிறிய இடத்துக்குள் உருவத்தையும் எழுத்தையும் வண்ணத்தையும் எப்படி அடக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏடு நிறைந்ததும், தொடர்பில்லாத இரண்டு பக்கங்களை எடுத்து ஒரே படத்தில் சேர்த்துப் பாருங்கள். பல சேர்க்கைகள் தேறாமல் போகும், அதனால் சோர்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் புகைப்படத்தைப் பார்த்து வரைந்து விற்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: அனுமதி பெறாமல் அப்படியே வரைந்து விற்பது சரியல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எடுத்தவர் வாழ்நாளில் வெளியிடப்பட்ட புகைப்படத்துக்கு, அவர் வாழும்வரையும், இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், தன் சேகரிப்பில் பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் யாரும் தடையின்றிப் பயன்படுத்தத் தந்திருக்கிறது. விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்திலும் ஏராளமான படங்கள் உள்ளன. ஆனால் அங்கே ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள உரிமக் குறிப்பைப் படித்துவிட்டே எடுங்கள், சிலவற்றுக்குப் படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும்.