கௌபாய் போட்டிக்குக் கையால் செய்த தோல் உறை ஏன்?

இடுப்பில் துப்பாக்கியைச் செருகி வைக்கும் நைலான் உறை மலிவாகக் கிடைக்கும்போது, கௌபாய் பாணித் துப்பாக்கிப் போட்டிக்காரர்கள், அதாவது பழைய அமெரிக்க மாட்டுக்காரர்கள் போல உடுத்தி நேரக் கணக்கில் சுடுகிறவர்கள், ஏன் கைவேலைத் தோல் உறைக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதுதானே கேள்வி?

முதலில் விதி. இந்தப் போட்டிக்கான அமெரிக்க அமைப்பான சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி, நைலான், பிளாஸ்டிக், வெல்க்ரோ (ஒட்டிப் பிரிக்கும் பட்டை) எதையும் அனுமதிப்பதில்லை. அணிந்த நிலையில் உறை செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாயவும் கூடாது.

சரி, விதியை விடுங்கள். உண்மையான காரணம் தோலின் குணம். நல்ல உறைக்கு மரப்பட்டையில் பதனிட்ட, 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள மாட்டுத்தோல் வேண்டும். நம் ஊரில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவார்களே, அதே வகைதான். தைத்த உறையை நீரில் நனைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய மாதிரித் துப்பாக்கியை உள்ளே செருகி, தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வடிவெடுப்பார்கள். காய்ந்ததும் தோல் அந்த வடிவிலேயே விறைத்து நிற்கும். உருவும்போது உறை குழையாது. திரும்பச் செருகும்போதும் வாய் திறந்தே இருக்கும். நேரத்தோடு போட்டி போடுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

தையலைக் கட்டாயம் பாருங்கள். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக இழுத்துத் தைத்திருந்தால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிரியாது.

அப்புறம், போட்டி முடிந்ததும் துப்பாக்கியை உறையிலேயே வைத்துவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இரும்பு துருவேறும்.