ஒரு எம்எல்ஏ தன் தொகுதியின் தொழில் வளர்ச்சிக்கும் பசுமை மின்சாரத்துக்கும் உண்மையில் என்ன செய்ய முடியும்?

தமிழ்நாட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

மின்கட்டணத்தைக் குறைப்பது அவர் கையில் இல்லை. 2003 மின்சாரச் சட்டப்படி கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். சலுகை வேண்டுமென்றால், 65-வது பிரிவின்படி அந்தத் தொகையை அரசு மின்வாரியத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆக, "கட்டணத்தைக் குறைப்பேன்" என்று மேடையில் சொல்பவர் பட்ஜெட்டில் பணம் கேட்கிறார், அவ்வளவுதான்.

அவரிடம் இருப்பவை இரண்டு: ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி, சட்டமன்றத்தில் பேசும் உரிமை. முதலாவதைப் பலர் சோலார் தெருவிளக்கில் போடுகிறார்கள். திறப்பு விழாவுக்கு எடுப்பாக இருக்கும். மூன்று நான்கு வருடத்தில் பேட்டரி தளர்ந்துவிடும். மாற்ற ஊராட்சியில் பணம் இருக்காது. தொகுதி நிதி புதிய சொத்து உருவாக்கத்தான், பராமரிப்புக்கு அல்ல. கம்பம் மட்டும் மிஞ்சும்.

அதே பணத்தை அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையக் கூரைகளில் சோலார் பேனலாகப் போடலாம். 10 கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 1,000 சதுர அடி வேண்டும். செலவு ஏறக்குறைய 5-6 லட்சம். சராசரியாக நாளுக்கு 40 யூனிட் வரும். கோட்டை விடும் இடங்களும் உண்டு. லைனுக்குத் திரும்பிப் போகும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டரை வாங்காமல் விட்டால், மே மாத விடுமுறையில், வெயில் உச்சத்தில் இருக்கும்போது, வரும் மின்சாரம் கணக்கில் ஏறாமலே போகும். பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக. தலைமையாசிரியருக்கு இதை முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் முதல் மின்வெட்டிலேயே "ரிப்பேர்" என்று புகார் வரும். பேனல் கழுவ மாடியில் தண்ணீர்க் குழாய் வேண்டும். அற்ப விஷயம்தான், எஸ்டிமேட்டில் பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான்.

ஆனால் தொகுதியின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது கூரை அல்ல, துணை மின் நிலையம். புதிய எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு கேட்கும் தொழிற்சாலையும், வீட்டு மாடியில் சோலார் போடுபவரும் கடைசியில் முட்டி நிற்பது ஒரே இடத்தில்: டிரான்ஸ்பார்மரில் கொள்ளளவு இல்லை. 10 கிலோவாட் வரையிலான வீட்டு சோலாருக்குத் தொழில்நுட்ப ஆய்வே வேண்டாம் என்று 2024-ல் மத்திய விதி திருத்தப்பட்டது. விதி வந்தாலும் கம்பி தடிக்கவில்லை. நீண்ட எல்.டி. (தாழ்வழுத்த) லைனின் கடைசி வீட்டில் மதியம் வோல்டேஜ் 253-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் நின்றுவிடும். மாலையில் அதே வீட்டில் லோ வோல்டேஜ். ஆகவே மின்வாரியச் செயற்பொறியாளரிடம் கேட்டு வாங்க வேண்டிய முதல் தாள் இது: தொகுதியில் உள்ள ஒவ்வொரு துணை மின் நிலையத்தின் கொள்ளளவு, உச்ச லோடு, நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள்.

விவசாய ஃபீடரை, அதாவது பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைனை, தனியே பிரிப்பது அடுத்தது. பிரித்தால், துணை மின் நிலையத்துக்குப் பக்கத்தில் 4-5 ஏக்கரில் ஒரு மெகாவாட் சோலார் நிறுவி, பம்புசெட்டுகளைப் பகலிலேயே ஓட்டலாம். விவசாயத்துக்கான மத்திய அரசின் சோலார் திட்டமான பிஎம் குசுமில் இதற்கு இடம் உண்டு. இலவச மின்சாரத்தைத் தொடாமலே அதன் செலவைக் குறைக்கும் வழி இது. ஏன் இதைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

வேலைவாய்ப்புக் கணக்கில் ஏமாறக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ள சோலார் நிலையம் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட். பேனலைத் துடைப்பதுகூட இயந்திரம்தான். கட்டுமானம் முடிந்தால் ஆள் தேவை சுருங்கிவிடும். ஆள் எடுப்பது பேனல் செய்யும் ஆலைகள், கங்கைகொண்டானிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் இருப்பவை போல. ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கத்து எம்எல்ஏ என்றால் கேட்க வேண்டியது வேறு: நல்ல காற்று வீசும் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும் 225, 250 கிலோவாட் பழைய காற்றாலைகளை எடுத்துவிட்டு 2, 3 மெகாவாட் இயந்திரம் நிறுவினால், ஆடிக்காற்றில் வரும் மின்சாரத்தைக் கொண்டுபோக லைன் இருக்கிறதா?

சட்டமன்றத்தில் எரிசக்தித் துறை மானியக் கோரிக்கை (துறைக்கான நிதி ஒதுக்கீட்டு விவாதம்) வரும் நாளில், "மின் உற்பத்தியைப் பெருக்க வேண்டும்" என்று பொதுவாகப் பேசினால் பதிலும் பொதுவாகவே வரும். "இந்த ஊர் 110 கிலோவோல்ட் துணை மின் நிலையத்துக்கு நிலம் எடுத்தாயிற்றா, டெண்டர் எந்த மாதம்?" என்று கேட்க வேண்டும். "செய்து தரப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அது அவைக்குறிப்பில் ஏறும். அரசு உறுதிமொழிக் குழு அதைப் பின்தொடரும். நிறைவேறும்வரை துறை அந்தக் குழுவுக்குப் பதில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். "பரிசீலிக்கப்படும்" என்று வந்தால் அதோடு விடாமல் தேதி கேட்க வேண்டும்.