மகளை கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கலாமா?

வணக்கம் அம்மா. "காலையில் செய்தியைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது" என்று எழுதியிருந்தீர்கள். ஏஐ கோடு (நிரல்) எழுதுகிறது, கம்பெனிகள் ஆள் குறைக்கின்றன என்று தினமும் படித்துவிட்டு, மகளை அதே படிப்பில் சேர்க்க எந்த அம்மாவுக்கும் கை நடுங்கத்தான் செய்யும். ஆலோசனை சொல்ல வருவதற்கு முன் பல வருடம் புரோகிராம் எழுதிச் சம்பாதித்தவன் நான். அந்த அனுபவத்தில் இருந்தே சொல்கிறேன்.

உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கிற சில்லறை வேலைகள் இருக்கின்றன. ஒரு படிவம் செய்வது, ஏற்கெனவே இருக்கிற கோடைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று எழுதுவது, கோடு சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் எழுதுவது. இவற்றை இப்போது ஏஐ கருவிகள் சில நிமிடங்களில் எழுதித் தந்துவிடுகின்றன. அதனால் ஒரு புரோகிராமிங் மொழி கற்றால் போதும், வேலை உறுதி என்று யாராவது கோர்ஸ் விற்க வந்தால் பணம் கட்டாதீர்கள்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். 1954-ல் ஐபிஎம் கம்பெனியில் ஃபோர்ட்ரான் என்ற புரோகிராமிங் மொழியைத் திட்டமிட்டவர்கள், இது வந்துவிட்டால் கோடு எழுதுவதும் பிழை திருத்துவதும் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும் என்று தங்கள் அறிக்கையில் எழுதினார்கள். 1957-ல் மொழி வந்தது. எழுதுவது எளிதானது, பிழை தேடும் வேலை இன்னும் தீரவில்லை. சம்பளத்தின் பெரும்பகுதி அந்தத் தேடலுக்குத்தான் என்பது என் அனுபவம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், மகளிடமும் சொல்லுங்கள். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற புரோகிராமர் ஒரு டேட்டாபேஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்ஹெச் (வேறொரு கம்ப்யூட்டருக்குள் தூரத்திலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) லாகின் 0.3 நொடியில் முடிய வேண்டியது, 0.8 நொடி எடுத்தது. அரை நொடிதான் வித்தியாசம். நெட் மெதுவாக இருக்கும் என்று விட்டிருக்கலாம். அவர் விடாமல் நூல் பிடித்துப் போனார். எக்ஸ்இசட் என்று ஃபைலைச் சுருக்கும் ஒரு சின்ன லைப்ரரிக்குள் (பல புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கோடு) யாரோ பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி, வைத்திருந்தது தெரியவந்தது. வைத்த ஆள் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்திருந்தார். சர்வர்களில் ஓடும் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெரிய வெளியீடுகளின் நிலையான பதிப்புகளுக்குப் போய்ச் சேருமுன்பே பிடிபட்டுவிட்டது. இல்லாவிட்டால் எத்தனை சர்வர்கள் திறந்து கிடந்திருக்கும்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

அரை நொடியைக்கூட விடாமல் துரத்தும் அந்த உறுத்தல் உங்கள் மகளிடம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. மார்க்கை வைத்து அதைச் சொல்ல முடியாது.

என்னிடம் வந்த ஒரு மாணவியிடம் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னேன். திரையில் 0.30000000000000004 என்று வந்தது. "கடைசியில் அந்த நாலு எங்கிருந்து வந்தது சார்?" என்றாள். ரவுண்ட் பண்ணிவிடும்மா என்றார் கூட வந்த அப்பா. அவள் காதில் விழவில்லை. பேப்பரை இழுத்து, பத்தில் ஒன்றை, கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வது மாதிரி 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணாக எழுதத் தொடங்கினாள். 0.000110011 என்று முடிவில்லாமல் நீண்டது. மூன்றில் ஒன்று 0.333 என்று நீள்வது மாதிரியேதான். "அப்போ மெஷின் எங்கேயோ வெட்டித்தானே ஆகணும்" என்று நிமிர்ந்தபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தயங்காமல் சேருங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன்.

சேர்ந்தால், முதல் வருடம் ஏஐ எழுதித் தரும் கோடை அப்படியே ஒட்ட வேண்டாம். தானே எழுதி, தானே உடைத்து, அப்புறம் அதனிடம் கேட்கட்டும். ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ் பாடங்களைத் தேர்வுக்காக மட்டும் படித்துத் தள்ளிவிடக் கூடாது. கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு வைக்கும் கிட் (Git) என்ற கருவி கட்டாயம். மற்றவர் எழுதிய கோடைப் படிக்கும் பழக்கமும் வேண்டும். ஃபேஷனில் எந்த ஃபிரேம்வொர்க் (புரோகிராம் கட்ட உதவும் தயார்ச் சட்டகம்) இருக்கிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செய்தியையும் நிறுத்த வேண்டாம், தலைப்போடு நிற்க வேண்டாம், அவ்வளவுதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன, விமானங்கள் ரத்தாயின. பிறகு அந்த நிறுவனமே காரணத்தை அறிக்கையாக வெளியிட்டது. புதிய விதி 21-வது உள்ளீட்டைப் பார்க்கச் சொன்னது, நிரல் கொடுத்ததோ 20. இல்லாத இடத்தில் போய்ப் படித்ததால் மெஷின் விழுந்தது. இப்படி ஒரு அறிக்கையை மாதம் ஒன்று மகள் படித்தால், தலைப்புச் செய்திகள் பத்து நாள் தருவதைவிட அதிகம் தெரிந்துகொள்வாள்.

சரி, இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த 0.1, 0.2 கணக்கை மகளிடம் கொடுத்துவிட்டு, பதில் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவள் என்ன செய்தாள் என்று எனக்கு எழுதுங்கள். கல்லூரிப் பட்டியலை அதற்கப்புறம் எடுத்துக்கொள்வோம்.