கைப்பிடி அரிசி

(கடிதம் எழுதியவர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள அக்கா,

நான் கம்போடியாவில் பட்டம்பாங் பக்கம் ஆறு வருஷமாக ஊழியம் செய்கிறேன். எங்களுக்கு ஊர் நாசரேத். ஜூலையில் என் மாமியார் இறந்துபோனார்கள். டிக்கெட் செலவையும் அந்த வாரம் வைத்திருந்த வாலிபர் முகாமையும் நினைத்து, போக வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மனைவி மறுத்துப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து குடும்ப ஜெபத்தில் அவள் வாய் திறப்பதில்லை. இங்கே இறந்தவர்களுக்காகச் செய்யும் பிச்சும் பென் பண்டிகையின்போது, வீட்டுக்கார அம்மா விடியுமுன் விகாரைக்குச் சோற்று உருண்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், இவளைப் பார்த்து "உன் அம்மா எங்கே?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாக அழுதார்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "நம்ம சாட்சி என்ன ஆகும்?" என்று கடிந்துகொண்டேன். மகனோ க்மெர் மொழியில்தான் பேசுகிறான், தமிழ் வாசிக்க மாட்டேன் என்கிறான். இதையெல்லாம் மாதாந்திர ஜெபக் கடிதத்தில் எழுதலாமா என்றும் தெரியவில்லை. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். இத்தனைக்கும் நடுவில் குடும்பமாக நன்றியுள்ள இருதயத்தைக் காத்துக்கொள்வது எப்படி?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கோபம் தணியட்டும் என்று வைத்திருந்தேன். முழுக்கத் தணியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுடைய தமிழ் இருக்கட்டும். ஆறு வருஷம் அந்த மண்ணில் ஓடி விளையாடுகிற பிள்ளை அந்த ஊர்ப் பேச்சைத்தான் பேசுவான். ஜெபக் கடிதத்தில் என்ன எழுதுவது என்பதும் பெரிய காரியமில்லை. அதில் மனைவியைப் பற்றி ஒரு வரி எழுதுமுன் அவளிடம் கேளுங்கள், அவ்வளவுதான்.

வாசற்படிக்கு வருகிறேன். 1975 முதல் 1979 வரை, க்மெர் ரூஜ் ஆட்சியில், அந்த நாட்டில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் செத்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்றே தெரியாத வீடுகள் எத்தனையோ. பிச்சும் பென் நாளில் இருட்டோடு எழுந்து சோற்றை உருட்டிக்கொண்டு போகிற அந்தச் சனத்துக்கு, அம்மாவைப் பறிகொடுத்தவள் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாதா? ஆறு வருஷமாக நீங்கள் பிரசங்கம் பண்ணித் திறக்கப் பார்த்த வாசலை அன்றைக்கு உங்கள் மனைவியின் கண்ணீர் திறந்தது. நீங்கள் போய்ச் சாத்தினீர்கள். சாட்சி கெட்டது அப்போதுதான், தம்பி.

இதை இவ்வளவு சூடாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

என் அப்பா நேபாளத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். நாங்கள் இங்கே, பாளையங்கோட்டையில், பாட்டியோடு. அடுப்படியில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் உண்டு, மூடி துருவேறி ஒரு பக்கம் நெளிந்திருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் அம்மா களைந்து போட எடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அதில் போடுவாள். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாகச் சபைக் கோயிலுக்குப் போகும். அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தக் கைப்பிடி குறைந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்பது வயது. என் தம்பிக்கு நாலு. டைபாய்டு என்று சொன்னார்கள், பதினோராம் நாள் போய்விட்டான். தந்தி கொடுத்தும் அப்பாவால் வர முடியவில்லை. கடிதம்தான் வந்தது. பாட்டி என்னை வாசிக்கச் சொன்னாள். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கொடுத்தவர் எடுத்தார். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்." கீழே, ஆஸ்பத்திரியில் புதிதாகக் கட்டும் வார்டைப் பற்றி ஒரு பக்கம். அம்மா வாங்கி நாலாக மடித்துத் தகரத்துக்கு அடியில் வைத்தாள். அன்றிலிருந்து தகரத்தில் அரிசி விழவில்லை. பாட்டி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மாசக் கடைசியில் நான் வெறுங்கையோடு கோயிலுக்குப் போனேன்.

நாற்பது நாள் கழிந்திருக்கும். ஒரு காலையில் "சளசள"வென்று தகரத்துச் சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். கைப்பிடி போட்டுவிட்டு மூடியை அமுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னாள்: "ஸ்தோத்திரம் சொல்ல எனக்குத் தெரியும்ட்டி. உங்கப்பா அங்கேருந்து சொல்லித் தர வேண்டாம். நான் அழுது முடிக்கிறதுக்குள்ள அவரு சொல்லிட்டாரு."

அப்பா கல்நெஞ்சர் இல்லை. கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது என்னிடம் சொன்னார்: அந்தக் கடிதம் எழுதிய ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரிக் கிடங்கில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாராம். "அதை ஏன்ப்பா எழுதல?" என்று கேட்டேன். "ஊழியக்காரன் அப்படி எழுதலாமா?" என்றார். அம்மா இறந்து அப்போது இரண்டு வருஷம். அந்த அழுகையை ஒரு வரி எழுதியிருந்தால், அவள் அந்தக் கடிதத்தைத் தகரத்துக்கு அடியில் வைத்திருக்க மாட்டாள். தலையணைக்கு அடியில் வைத்திருப்பாள்.

நம் ஞாயிறு பள்ளியில் வில்லியம் கேரி கதை சொல்லாத வருஷம் உண்டா? இங்கிலாந்தில் செருப்பு தைத்தவர், மிஷனரியாக இந்தியாவுக்கு வந்து வங்காளிக்குப் புதிய ஏற்பாட்டை 1801இல் கொடுத்தவர். எல்லாம் மெய், எல்லாம் பெரிது. அவர் மனைவி டோரதியை யாராவது சொன்னார்களா? 1781இல் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் கீறல் போட்ட பெண். நிறைமாதத்தில் கப்பல் ஏற மாட்டேன் என்றாள். கேரி மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். கப்பல் தடைப்பட்டது. அதற்குள் பிள்ளை பெற்றிருந்தவளை மறுபடி வந்து கேட்டார்கள், தங்கை துணைக்கு வந்தால் வருகிறேன் என்று கிளம்பினாள். 1793 ஜூனில் கப்பல், நவம்பரில் கல்கத்தா. மறு வருஷம் வங்காளத்து முத்னாபதியில் அவர்கள் மகன், ஐந்து வயது பீட்டர், பேதியில் போனான். தூக்கவும் குழி வெட்டவும் ஆள் கிடைக்காமல் அலைந்தார்கள். அதற்குப் பிறகு டோரதியின் மனம் தேறவேயில்லை. பூட்டிய அறையில் அவள் கூச்சலிட, அடுத்த அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1807 டிசம்பரில் செராம்பூரில் கண்ணை மூடினாள்.

கேரியை நியாயந்தீர்க்க நான் யார். ஆனால் அந்த ஊழியத்துக்கு டோரதி கொடுத்ததையும் சேர்த்து எண்ணாமல் அதற்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் ஊழியத்துக்கும் அப்படித்தான். முகாமுக்கு எத்தனை வாலிபர் வந்தார்கள் என்று எழுதியிருப்பீர்கள். அந்த முகாமுக்காக ஒருத்தி தன் அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் இருந்தாளே, அது எந்தக் கணக்கில் வந்தது?

மாற்கு 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைக் "கொர்பான்" என்று சொல்லித் தேவனுக்குக் காணிக்கை ஆக்கிவிட்டவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொள்கிறார் என்று. டிக்கெட் பணத்தைக் கொர்பான் ஆக்கினீர்கள், தம்பி. அதுவும் உங்களுடையதை அல்ல, அவளுடையதை. சிலுவையில் தொங்கிக்கொண்டே தம் தாயை யார் வீட்டில் விடுவது என்று பார்த்தவருக்குத்தான் நாம் ஊழியம் செய்கிறோம்.

சுவரில் எழுதிய வசனம் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம், 5ஆம் அதிகாரம், 18ஆம் வசனம். நாலு வசனம் மேலே போங்கள். "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள்." பவுல் அதை முதலில் எழுதிவிட்டுத்தான் ஸ்தோத்திரத்துக்கு வருகிறார். உங்கள் வீட்டுச் சுவரில் அது இல்லை.

இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் நீங்கள் ஜெபிக்க வேண்டாம். அவளுடைய அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். அந்த அம்மா வைக்கிற குழம்பைக் கேளுங்கள், கடைசியாகப் போனில் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். பையனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும், ஆச்சி கதை எந்த மொழியில் வந்தாலும் அவனுக்குப் புரியும். அவள் அழுதால் வசனம் எதுவும் சொல்லாதீர்கள். போக வேண்டாம் என்றது என் தப்பு என்று சொல்லுங்கள். பிறகு அந்த வீட்டுக்கார அம்மாவிடமும் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

அதோடு டிக்கெட் போடுங்கள். அடக்கம் முடிந்து மாசங்கள் ஆயிற்றே என்று கணக்குப் பார்க்காதீர்கள். கல்லறை அங்கேதான் இருக்கிறது. மூன்று பேருக்கும் பணம் காணாது என்றால் அவள் மட்டும் வரட்டும். முகாமை நீங்கள் பாருங்கள், பிள்ளையையும் பாருங்கள். வருகிற தேதியை எனக்கு எழுதுங்கள். இங்கிருந்து நாசரேத்துக்கு ஒரு பஸ் ஏறினால் போதும், நான் வந்து அவளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா