அம்மாவோட கிருமிக்கு ஃபேஜ் கிடைக்குமா?

கேள்வி: மேடம், நாங்க அல்சூர்ல இருக்கோம், அம்மாவுக்கு 67 வயசு, சுகர் 20 வருஷமா இருக்கு. இந்த ஒரு வருஷத்துல நாலு தடவ யூரின் இன்ஃபெக்ஷன், அதுல ரெண்டு தடவ அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. கடைசி கல்ச்சர் ரிப்போர்ட்ல க்ளெப்சியெல்லான்னு ஒரு பாக்டீரியா பேர் போட்டு, கீழ வரிசையா எல்லா மருந்துக்கும் ஆர், ஆர்னு (அந்த மருந்து கேக்காதுன்னு அர்த்தமாம்) வந்திருக்கு, ரெண்டே ரெண்டுக்குத்தான் எஸ் (கேக்கும்). பாக்டீரியாவ கொல்ற வைரஸ் இருக்காம், ஜார்ஜியா நாட்டுல மெடிக்கல் ஷாப்லயே பாட்டில்ல விக்கிறாங்களாம், வரவழைச்சு அம்மாவுக்கு குடுத்துடலாம்னு தம்பி ஒத்தக்கால்ல நிக்கிறான். குடுக்கலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்க தம்பி சொல்றது கட்டுக்கதை இல்லங்க. பாக்டீரியோஃபேஜ்னு பேரு, சுருக்கமா ஃபேஜ். பாரிஸ்ல ஃபெலிக்ஸ் டெரெல்ங்கற ஆராய்ச்சியாளர் 1917ல இந்தப் பேர வெச்சாரு, ஜார்ஜி எலியாவா 1923ல ஜார்ஜியாவோட தலைநகர் திபிலிசில இதுக்குன்னே ஒரு இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சாரு, அது இன்னிக்கும் நடக்குது. பென்சிலின் வந்ததும் மேற்கு நாடுகள் இத மறந்துட்டாங்க, இப்ப ஆன்டிபயாடிக் கைவிடுற நேரத்துல திரும்பத் தேடி வர்றாங்க. ஆனா அந்த பாட்டில வாங்காதீங்க.

ஏன்னு சொல்றேன். ஒரு கம்பெனி மிக்ஸிக்கு இன்னொரு கம்பெனி ஜார் உக்காராதுல்ல, ஃபேஜும் அப்படித்தான், எல்லா பாக்டீரியா மேலயும் ஒட்டாது. அதுலயும் க்ளெப்சியெல்லா ரொம்ப மோசம், மேல பசை மாதிரி ஒரு போர்வை போத்திருக்கும், அந்தப் போர்வைல மட்டும் 70க்கும் மேல வகை இருக்கு, ஒரு ஃபேஜ் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வகையத்தான் புடிக்கும். திபிலிசிலயே யூரின் இன்ஃபெக்ஷனுக்கு ஒரு ட்ரையல் நடந்து 2021ல ரிசல்ட் வந்துச்சு, ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்கு காத்திருந்த ஆம்பளைங்களுக்கு மூத்திரப் பைக்குள்ள ஃபேஜ் கலவைய விட்டுப் பாத்தாங்க, மருந்தில்லாத வெறும் திரவம் விட்டவங்கள விட ஃபேஜ் பெருசா ஜெயிக்கல. அந்தக் கலவைல க்ளெப்சியெல்லாவுக்கான ஃபேஜே கிடையாதுங்க! அம்மாவ வாயால குடிக்க வெச்சா வயித்து ஆசிட்லயே நிறைய செத்துடும், அதையும் தாண்டி பைக்கு எவ்வளவு போய்ச் சேரும்?

அப்ப எப்படித்தான் பண்றது? முதல்ல உங்க அம்மாவோட கிருமியவே எடுத்து ப்ளேட் முழுக்க பால் ஏடு மாதிரி வளக்கணும், அது மேல வேற வேற ஃபேஜ ஒவ்வொரு சொட்டா வெச்சு ராத்திரி முழுக்க இன்குபேட்டர்ல விடணும். காலைல எடுத்துப் பாத்தா, பொருந்தின ஃபேஜ் வெச்ச இடத்துல மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவா ஒரு வட்டம் இருக்கும். நான் லேப்ல வேலை பாத்த காலத்துல சாக்கடைத் தண்ணிய வடிகட்டி அதுல ஃபேஜ் தேடியிருக்கேன், அந்த வட்டத்த முதல் தடவ பாத்த அன்னிக்கு வீட்டுக்குப் போகவே மனசு வரல. ஃபேஜ் கிருமி மேல ஒட்டி தன்னோட டிஎன்ஏவ உள்ள ஏத்தும், கொஞ்ச நேரத்துல உள்ளயே நிறைய குட்டி ஃபேஜ் உருவாகி கிருமிய வெடிக்க வெச்சுட்டு வெளிய வந்து அடுத்ததப் புடிக்கும்.

2016ல அமெரிக்கால சான் டியாகோல டாம் பேட்டர்சன்னு ஒரு பேராசிரியர், அசினெட்டோபேக்டர் கிருமியால கோமா வரைக்கும் போனவரு, இப்படித்தான் பொழச்சாரு. அவரோட மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ எபிடெமியாலஜிஸ்ட், அதாவது நோய் எப்படிப் பரவுதுன்னு ஆராயறவங்க, அவங்கதான் ஊர் ஊரா ஆராய்ச்சிக்காரங்களுக்கு மெயில் போட்டு ஃபேஜ் கேட்டாங்க. நடுவுல கிருமி அந்த ஃபேஜுக்கும் தப்பிக்கப் பழகிடுச்சு, புதுசா வேற ஃபேஜ் தேடி சேத்தாங்க, கூடவே ஆன்டிபயாடிக்கும் ஓடிட்டேதான் இருந்துச்சு. இவ்வளவு வேலைய ஒரு பாட்டில் செய்யாதுங்க.

நம்ம நாட்டுல கடையில வாங்குற மாதிரி அனுமதி வாங்கின ஃபேஜ் மருந்து இல்ல. இப்ப நீங்க பண்ண வேண்டியது வேற. அந்த எஸ் போட்ட ரெண்டுல டாக்டர் எத எழுதுறாரோ அத ஒரு டோஸ்கூட விடாம முடிங்க. இன்ஃபெக்ஷியஸ் டிசீஸ் டாக்டர் ஒருத்தர ஒரு தடவயாவது பாருங்க, கல் இருக்கா, யூரின் போன பிறகும் பைல மிச்சம் நிக்குதான்னு ஸ்கேன்ல பாக்கச் சொல்லிக் கேளுங்க, ஏன்னா காரணம் அங்க இருந்தா எந்த மருந்து குடுத்தாலும் திரும்பத் திரும்ப வந்துட்டேதான் இருக்கும். காய்ச்சல், எரிச்சல், வலி எதுவுமே இல்லாம ரிப்போர்ட்ல மட்டும் கிருமி வந்தா, சுகர் இருக்கவங்களுக்குக்கூட பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேணாம், இத யாரும் சொல்றதில்ல, அதனால அழுத்திச் சொல்றேன். இன்னொண்ணு, அடுத்த தடவ கல்ச்சர் குடுக்கும்போது லேப்ல அந்தக் கிருமிய ஃப்ரீசர்ல எடுத்து வெக்க முடியுமான்னு கேளுங்க. சாதாரணமா சில நாள்ல தூக்கிப் போட்டுடுவாங்க, நாளைக்கு ஃபேஜ் தேடணும்னா அந்தக் கிருமிதான் முதல்ல வேணும்.

கேள்வி: பாட்டி காசிக்குப் போய் கொண்டு வந்த கங்கைச் சொம்பு வருஷக்கணக்கா கெடாம இருக்கு, ஃபேஜ் இருக்கறதாலன்னு வாட்ஸாப்ல வருது, நிஜமா? (கே.ஆர்.புரம் வாசகர்)

பதில்: ஆதாரம் கொஞ்சம் இருக்கு. எர்னஸ்ட் ஹான்கின்னு ஆக்ரால இருந்த பாக்டீரியாலஜிஸ்ட், கங்கை யமுனை தண்ணில காலரா கிருமி சில மணி நேரத்துல செத்துடுது, கொதிக்க வெச்ச தண்ணில சாகறதில்லன்னு 1896ல எழுதினாரு. அது ஃபேஜ் வேலைதான்னு இன்னிக்கும் அடிச்சுச் சொல்ல முடியாது. நம்ம பெங்களூருல ஜே. ராமச்சந்திரன் 2000ல ஆரம்பிச்ச ஃபேஜ் கம்பெனிக்கு கங்காஜென்னு பேர், அவங்க ஃபேஜோட புரதத்துல இருந்து ஸ்டாஃபைலோகாக்கஸ்ங்கற பாக்டீரியாவ கொல்ற மருந்து பண்ணியிருக்காங்க. சொம்பு பூஜைல இருக்கட்டும், வியாதிக்குக் குடிக்க வேணாம், அதே ஆத்துல சாக்கடையும் கலக்குது.

கேள்வி: வைரஸ உடம்புல ஏத்தினா நமக்கே காய்ச்சல் வராதா? (அதே வாசகர்)

பதில்: ஃபேஜுக்கு மனுச செல்லுக்குள்ள வளரத் தெரியாது. ஆனா அத பாக்டீரியாலதான் வளத்து எடுக்கறாங்க, செத்த பாக்டீரியாவோட உடைஞ்ச துண்டுங்கள எண்டோடாக்ஸின்னு சொல்வோம், அத சரியா சுத்தம் பண்ணாம ரத்தத்துல ஏத்தினா காய்ச்சல் மட்டும் இல்ல, பிபியே சரிஞ்சுடும். யாரு எங்க வடிகட்டினாங்கன்னு தெரியாத பாட்டில நான் வேணாம்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.