ஈறுக்குள் காணாமல் போகும் ரப்பர் பேண்ட்: பல் கேள்வி பதில்

கிளிப் கழற்றிய பிறகு பல் நகர்ந்துவிட்டது, நாமே சரிசெய்யலாமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பிளஸ் டூ முடித்தபோது பல்லில் போட்டிருந்த கிளிப்பைக் கழற்றினார்கள். ஐந்து வருடத்தில் மேல்வரிசை நடுவில் மறுபடி சந்து விழுந்துவிட்டது. வீடியோ பார்த்து, இரண்டு முன்பல்லையும் சேர்த்துச் சின்ன ரப்பர் பேண்ட் மாட்டினேன். நாலே நாளில் சந்து பாதியானது. நேற்றுக் காலை எழுந்தால் ரப்பரைக் காணோம். தூக்கத்தில் விழுங்கியிருப்பேன். புதிதாக ஒன்று மாட்டித் தொடரலாமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: மாட்டாதீர்கள். விழுங்கியிருந்தால் கவலையில்லை, வெளியே போய்விடும். ஆனால் அப்படியே நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ரப்பர் ஈறுக்குள் ஏறியிருக்கிறதா என்று இன்றோ நாளையோ பல் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

முன்பல்லில் வெளியே தெரியும் பகுதி மண்வெட்டி போல அகலமானது. ஈறுக்குள் இருக்கும் வேரோ நுனி வரை குறுகிக்கொண்டே போகும். இழுத்து மாட்டிய ரப்பர் சுருங்கத்தான் பார்க்கும். சுற்றளவு குறைந்த இடம் வேர்ப்பக்கம் இருப்பதால் அங்கே நழுவி ஏறும். ஏறும் வழியில், பல்லை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார்கள் அறுபடும். சுற்றியுள்ள எலும்பும் கரையும். தொடக்கத்தில் பெரிதாக வலிக்காது என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம். பிறகு ஈறு சிவந்து வீங்கும், அழுத்தினால் சீழ் வரும், பல் ஆடும், பக்கத்துப் பல்லைவிட நீண்டு இறங்கியதுபோலத் தெரியும். சொத்தையே இல்லாத இரண்டு முன்பற்களையும் இப்படிப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

மருத்துவரிடம் போனதும் முதல் வார்த்தையாக "ரப்பர் மாட்டினேன்" என்று சொல்லிவிடுங்கள். ரப்பர் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு கரைந்திருப்பதுதான் தெரியும், அதை வெறும் ஈறு நோய் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. உள்ளே இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைத் திறந்து எடுத்துச் சுத்தம் செய்து, ஆடும் பற்களைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டுவார்கள். ஊசி, ஹேர்பின் வைத்து நீங்களே துழாவ வேண்டாம்.

சந்து ஏன் திரும்ப வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மேலுதட்டை விரலால் மேலே இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். இரண்டு முன்பல்லுக்கு நடுவே உள்ள ஈறு வெளுத்தால், உதட்டை ஈறோடு இணைக்கும் சதை மிகக் கீழே வரை இறங்கியிருக்கலாம். அப்படியானால் முதலில் சந்தை மூடிவிட்டு, பிறகு அந்தச் சதையைச் சின்ன அறுவையில் எடுப்பார்கள். எச்சில் விழுங்கும்போது நாக்கு முன்பல்லைத் தள்ளுவது இன்னொரு காரணம். எதுவானாலும், மூடிய பிறகு பின்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டாவிட்டால் நடுச்சந்து திறந்துகொள்ளவே பார்க்கும்.

கேள்வி: கிளிப் கழற்றிய பிறகு பல் நகராமல் இருக்க மாட்டும் ரிடெய்னரை எட்டு மாதம் போடாமல் இருந்துவிட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கும் வகை. இப்போது முழுதாக உட்காரவில்லை. வெந்நீரில் போட்டு இளக்கி அழுத்திக்கொள்ளலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. அந்த பிளாஸ்டிக், உங்கள் பல் அச்சின் மேல் சூட்டில் படிய வைத்து உருவாக்கியது. சூடுபட்டால் அந்த உருவம் கெடும். பிறகு அது எந்தப் பல்லை எந்தப் பக்கம் தள்ளும் என்று யாருக்கும் தெரியாது.

கடித்து அழுத்தாமல் விரலால் மாட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தாலும் எல்லாப் பல்லிலும் முழுதாக உட்கார்ந்தால் தப்பித்தீர்கள்: சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டும் கழற்றி, நாளுக்கு 20–22 மணி நேரம், ஒன்றிரண்டு வாரம் போடுங்கள். இறுக்கம் போனதும் இரவில் மட்டும் போதும். பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ, ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பழைய ரிடெய்னரையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தப் பல் எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு அது நல்ல அளவுகோல். அண்ணத்தில் பதியும் தகடும் கம்பியும் உள்ள வகை வைத்திருப்பவர்கள் குறடால் கம்பியை வளைக்கும் வேலையே வேண்டாம். இரண்டு முறை வளைத்தால் மூன்றாவதில் ஒடியும்.

எட்டு மாதத்தில் எப்படி நகர்ந்தது என்றால், பல்லை நகர்த்தியதும் நார்கள் உடனே புது இடத்துக்குப் பழகுவதில்லை. வேரைச் சுற்றியவை சீராக மூன்று நான்கு மாதம் ஆகும். ஈறில் உள்ள மீள்தன்மை கொண்ட நார்களுக்கு ஒரு வருடம்கூடப் பிடிக்கும். திரும்பிக் கிடந்து நேராக்கிய பல் சீக்கிரம் பழைய கோணத்துக்குப் போவது இவற்றால்தான். அது போக, கிளிப்பே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கியடிக்கும். ஞானப்பல்தான் தள்ளுகிறது என்று அதன்மேல் பழி போடுவது வழக்கம். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, இதற்காக மட்டும் அதைப் பிடுங்க வேண்டாம்.

கேள்வி: கீழ்ப்பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கம்பி ஒரு பல்லில் மட்டும் விட்டுவிட்டது. ஃபெவிக்விக் வைத்தால் நிற்குமா?
– வாசகி, மதுரை

பதில்: வாய்க்குள் அந்தப் பசையைக் கொண்டுபோகவே கூடாது. ஈறையும் நாக்கையும் புண்ணாக்கும், அடியில் அழுக்கை வைத்து மூடிவிடும். மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் ஒழுங்காக ஒட்ட முடியும்.

கம்பி முனை குத்தினால், அந்த இடத்தைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, பட்டாணி அளவு பல் மெழுகை உருட்டி அதன்மேல் அமுக்குங்கள். ஒரு வாரத்துக்குள் போய்விடுங்கள். பழைய பசையைத் தேய்த்தெடுத்து, அமில ஜெல் தடவிக் கழுவி, உலர்த்தி, புதுப் பசை வைத்து நீல ஒளி காட்டுவார்கள். ஒரே சந்திப்பில் முடியும் வேலை. தள்ளிப்போட்டால் பிடி விட்ட பல் தனியாக நகரும். கம்பியே வளைந்திருந்தால் ஒட்டிய பற்களையும் அது திருகும். அப்போது புதுக் கம்பிதான் வேண்டும். மாதம் ஒருமுறை பல்குச்சியால் ஒவ்வொரு பல்லருகிலும் கம்பியை மெல்லத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அங்கே விட்டுவிட்டது.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் தானே அலைனர் (பல்லை நகர்த்த மாட்டும் பிளாஸ்டிக் உறை) செய்து பல்லைச் சரிசெய்தாராமே! தபாலில் வரும் அலைனரையாவது நம்பலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: 2016-ல் வந்த செய்தி அது. முப்பரிமாண அச்சு இயந்திரம் கல்லூரியிலேயே இருந்ததால், சுமார் 60 டாலரில் முடித்தார். அவருக்கு அது பலித்தது, அவ்வளவுதான். ஓர் அலைனர் உறை பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும், அந்தக் கணக்கைப் போடுவது பெரிய வித்தை அல்ல. வேர் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எலும்பு எவ்வளவு மிச்சம், இடம் போதாவிட்டால் எந்தப் பல்லின் ஓரத்தை எவ்வளவு தேய்ப்பது என்பதெல்லாம்தான் கஷ்டம். எக்ஸ்ரே இல்லாமல் இதைத் தீர்மானிக்க முடியாது. ஈறு நோய் உள்ளவருக்கு அலைனர் மாட்டினால் ஆடும் பல் மேலும் ஆடும். முப்பது நாற்பது வயதுக்கு மேல் புதிதாகச் சந்து விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் ஈறு நோயைத்தான்.

தபால் அலைனரில் பெரிய பெயரான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்தவரிடம் நேரில் போங்கள். செலவுதான் பயம் என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்குத் தனித்துறையே இருக்கிறது.

கேள்வி: ரிடெய்னரை எப்படிக் கழுவுவது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மென்மையான பிரஷ், குளிர்ந்த நீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். டூத்பேஸ்ட் பிளாஸ்டிக்கைக் கீறிவிடும், கீறலில் அழுக்கு சேரும். ஓட்டலில் டிஷ்யூவில் மடித்து வைக்காதீர்கள், எச்சில் இலையோடு குப்பைக்குப் போய்விடும். வீட்டில் நாய் இருந்தால் டப்பாவை உயரத்தில் வையுங்கள். எச்சில் வாசனைக்கு ஒரே நிமிடத்தில் குதறிவிடும்.