‘ஆல்தோ’ வந்த பிறகு ‘பட்’ எதற்கு?

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கட்டுரை கோர்வையாக வரட்டும் என்று, இணைப்புச் சொற்களைத் தலைப்பு வாரியாகச் சார்ட்டில் எழுதி மாட்டினேன். இப்போது வரிக்கு வரி ‘மோரோவர்’, ‘ஹவெவர்’. படித்தால் முன்பைவிடக் குழப்பம். என்ன செய்யலாம்?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சார்ட்டைக் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள். ஒரே தலைப்பின் கீழ் ‘அண்ட்’, ‘மோரோவர்’ இரண்டும் இருந்தால், எதை வேண்டுமானாலும் போடலாம் என்றுதான் பிள்ளை நினைக்கும். ‘மோரோவர்’ வாதத்துக்கு வலு சேர்க்கிற சொல். காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன, அவற்றில் மிளகுக்கொடி படர்கிறது என்று சொல்ல ‘அண்ட்’ போதும்.

அப்புறம், நம் பிள்ளைகள் ஓயாமல் எழுதும் ‘ஆல்தோ இட் ரெயின்ட், பட் தி பஸ் கேம்.’ இதை வெறும் கவனக்குறைவு என்று திட்டக் கூடாது. தமிழில் இணைப்பு வினையின் வாலில் இருக்கிறது: பெய்தாலும், பெய்ததால், பெய்து. ‘உம்’ ஒன்றுக்கே தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. ‘மழை பெய்தாலும் பஸ் வந்தது’ என்பதில் அந்த ‘ஆலும்’ இரண்டு செய்திகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ‘ஆல்தோ’வோ வாக்கியத்தின் தலைக்குப் போய்விடுகிறது. நடுவில் காலியாகத் தெரியும் இடத்தைத்தான் பிள்ளை ‘பட்’ போட்டு நிரப்புகிறது என்று நினைக்கிறேன். அதனால் முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். “ஒரு ‘ஆலும்’தானே போட்டாய்? இங்கேயும் ஒன்று போதும்” என்றால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

‘ஹவெவர்’ விஷயம் வேறு. பொருள் ‘பட்’ மாதிரிதான், நிறுத்தக்குறிதான் வேறு. ‘பட்’டுக்கு முன்னால் காற்புள்ளி போதும். இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே ‘ஹவெவர்’ வந்தால் அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் காற்புள்ளி. இதைச் சார்ட் காட்டாது, வாக்கியம்தான் காட்டும்.

ஒரு பயிற்சி செய்து பாருங்கள். சேலத்திலிருந்து பஸ்ஸில் மலையேறுவதைப் பற்றி ஒரு பத்தியை, இணைப்புச் சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதிக் கொடுங்கள். ‘பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறுகிறது. பலருக்குத் தலை சுற்றுகிறது.’ இங்கே சொல் வேண்டுமா என்று வகுப்பே பேசட்டும். காரணம் தானாகத் தெரிகிற இடத்தில் சும்மா விடலாம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். அதைக் கேட்பதற்காகவே இந்தப் பயிற்சி எனக்குப் பிடிக்கும்.

சார்ட்டை மறுபடி மாட்டும்போது தலைப்புகள் வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், பிள்ளைகள் எழுதிய வாக்கியம் ஒன்று இருக்கட்டும்.